இரண்டு பக்கத்துக்கும் நல்லவர்

அவரிடம் காபியா டீயா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. சிதம்பரத்தில் ஒரு ஓட்டலில் சர்வர் விவரம் தெரியாமல் கேட்டுவிட்டார். "காபிக்கு மணம் இருக்கு, டீக்குத் திடம் இருக்கு, காபி ஆறினா வீண், டீ கொதிச்சா கசப்பு" என்று மாமா ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் அந்த சர்வர் பக்கத்து மேசைக்கு ஆர்டர் எடுத்து, பரிமாறி, இலையும் எடுத்துவிட்டு வந்தார். கடைசியில் மாமா பால் குடித்தார்.

மாமா என்றால் உறவு இல்லை. மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் அம்மா வீட்டுக்கு நேர் எதிர் வீடு அவருடையது. டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மாவட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும், தெரியாத பாதிப் பேர் தெரிந்த மாதிரியே பேசுவார்கள். ஊருக்கு அவர் நடுவர். கோயில் திருவிழா, பொங்கல் விழா, பள்ளி ஆண்டு விழா, எங்கே பட்டிமன்றம் என்றாலும் நடு நாற்காலியில் பொன்னாடையோடு அவர்தான் உட்கார்ந்திருப்பார்.

நான் அண்ணாமலை நகரில் குடியிருந்துகொண்டு ஒரு மெட்ரிக் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த ஒரே தகுதியில் அவர் குழுவில் எனக்கு நிரந்தர இடம் கிடைத்தது. எங்கள் குழுவில் யார் எந்த அணி என்பதை வேன்தான் முடிவு செய்யும். ஏறும்போது இடது பக்கம் உட்கார்ந்தவர்கள் ஒரு அணி, வலது பக்கம் உட்கார்ந்தவர்கள் எதிரணி. வெயில் படாத பக்கம் பார்த்து நான் உட்காருவேன். அதனால் என் கொள்கைகள் எல்லாம் நிழலைப் பார்த்து மாறிக்கொண்டே இருந்தன.

மாமாவின் புகழே அவர் தீர்ப்பில்தான் இருந்தது. யாரும் தோற்காத தீர்ப்பு. இன்பம் தருவது கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா என்று ஓர் ஊரில் பேசினோம். கழுத்து நரம்பு புடைக்கக் கத்திவிட்டு உட்கார்ந்தோம். மாமா எழுந்து, தனித்தனியாகச் சமைத்துக் கூட்டாக உட்கார்ந்து சாப்பிடும் குடும்பமே இன்பம் என்று முடித்தார். விசில் பறந்தது. பாத்திரம் யார் கழுவுவது என்று முன்வரிசையில் ஓர் அம்மா கேட்டார். அந்தக் கேள்வி சிறப்பானது என்று மாமா அவரையும் பாராட்டி உட்கார வைத்தார்.

வீட்டிலும் இதேதான். ஒரு நாள் சாம்பாரில் உப்பு ஜாஸ்தியா இல்லையா என்று அத்தைக்கும் லீவுக்கு வந்திருந்த மருமகளுக்கும் தகராறு. இவரைக் கூப்பிட்டார்கள். உப்பு சரியாகத்தான் இருக்கிறது, பருப்புதான் குறைந்துவிட்டது என்றார். உப்புப் போட்டது மருமகள், பருப்புப் போட்டது அத்தை. மருமகள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள் என்று தெரிந்ததும், பருப்பு குறைந்தால்தான் உடம்புக்கு நல்லது என்று அத்தையிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். "இந்த மனுஷன் ஒரு பக்கம் சாஞ்சு படுக்கக்கூட மாட்டாரு, மல்லாந்துதான் படுப்பாரு" என்பாள் அத்தை.

எனக்கு அவரைப் பிடிக்கும். எரிச்சலும் வரும். இரண்டும் உண்மை என்று நான் எழுதினால் அவர் மாதிரியே ஆகிவிடும், போகட்டும்.

ஒரு வருடம், டிவியில் ஒரு கொடுமையான செய்தி வந்து ஜனங்கள் எல்லோரும் கொதித்துப் போயிருந்தார்கள். அந்த வருடம் கூப்பிட்ட ஊரெல்லாம் ஒரே தலைப்பைத்தான் கேட்டது. தூக்குத் தண்டனை தேவையா, தேவையில்லையா? விழாக் குழுக்காரர்கள் கல்யாண மெனு சொல்கிற மாதிரி போனில் சொல்வார்கள்: "அந்தத் தூக்கு டாபிக்கே வெச்சிடுங்க சார், நல்லா எடுபடுது." நான் வெள்ளிக்கிழமை திட்டக்குடியில் ஆளைத் தூக்கில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அதே ஆளைக் காப்பாற்றினேன். இரண்டு இடத்திலும் கைதட்டல் ஒரே அளவுதான். ஒரு தாயின் கண்ணீர் என்று நான் ஒரு பத்தி வைத்திருந்தேன். தூக்கு வேண்டும் என்றால் அது செத்தவனின் தாய், வேண்டாம் என்றால் கொன்றவனின் தாய். கண்ணீர் மட்டும் மாறாது.

இந்தத் தலைப்பில் மாமா மாட்டிக்கொள்வார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஒரு ஆளைப் பாதி தூக்கில் போட முடியாதே! வேனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். மனிதர் அசரவில்லை. திட்டக்குடியில் எழுந்தார். கூட்டத்தைப் பார்த்து, தூக்கு வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். மைதானமே கையைத் தூக்கியது. சரி, தூக்குமேடையில் அந்த விசையை இழுக்க யார் வருகிறீர்கள், பேர் கொடுங்கள் என்றார். எல்லாக் கையும் இறங்கிவிட்டது. பிறகு சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். சட்டப் புத்தகத்தில் தூக்கு இருக்கட்டும், அப்போது தப்பு செய்கிறவனுக்குப் பயம் இருக்கும். ஆனால் யாரையும் போட வேண்டாம், அப்போது நமக்குப் பாவம் இருக்காது. இரண்டு அணியும் கட்டிப்பிடித்துக்கொண்டது. விழாக் குழுத் தலைவர் இன்னொரு பொன்னாடை கொண்டுவந்து போர்த்தினார்.

அதற்குப் பிறகு எல்லா ஊரிலும் இந்தக் கை தூக்கும் வித்தைதான். எங்கேயும் தப்பியதில்லை.

இந்த நேரத்தில்தான் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு கொலை நடந்தது. பேருந்து நிறுத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவரைப் பக்கத்து உரக்கடைக்காரரின் தம்பி வெட்டிவிட்டான். கடை வாசலில் வண்டி நிறுத்துகிற தகராறு. இரண்டு வருடமாக இருவரும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகல், சந்தை நாள், தெரு நிறைய ஆட்கள். ஆனால் போலீஸ் வந்து விசாரித்தபோது ஒருவர் கண்ணிலும் எதுவும் படவில்லை. டீக்கடைக்காரர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பழக்கடைக்காரர் குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாராம். பேருந்துக்கு நின்றவர்கள் எல்லோரும் பேருந்து வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கம்பத்தில் இருந்த கேமரா மாட்டிய நாள் முதல் அலங்காரத்துக்குத்தான் இருந்தது. சந்தேகத்தில் பிடிபட்ட உரக்கடைத் தம்பி, நான் அன்றைக்கு அங்கேயே இல்லை, திருக்கோவிலூரில் இருந்தேன் என்று சொல்லி, ஜாமீனில் வந்து அதே கடைத்தெருவில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

ஆனால் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அனல் பறந்தது. தூக்கில் போடு, நடுரோட்டில் போடு, நாளைக்கே போடு. அடுப்பைப் பார்த்தவரும் பழம் பொறுக்கியவரும்தான் அதில் ஜாஸ்தி எழுதினார்கள்.

செத்தவரின் மனைவி கடை கடையாக ஏறி இறங்கினார். பார்த்ததைச் சொல்ல ஒருவராவது வந்தால்தான் கேஸ் நிற்கும், இல்லாவிட்டால் ஆள் விடுதலை ஆகிவிடுவான் என்று வக்கீல் சொல்லியிருந்தார். எல்லோரும் அந்த அம்மாவை உட்கார வைத்து, டீ கொடுத்து, கண்கலங்கி அனுப்பினார்கள். கோர்ட் என்றதும் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிட்டது.

மாமா கொலை நடந்த அன்றைக்கு டீக்கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பினேன், அதற்குள் கூட்டம் கூடிவிட்டது, ஒன்றும் பார்க்கவில்லை என்று அவரும் போலீஸில் சொல்லியிருந்தார். அத்தைதான் என்னிடம் உடைத்தாள். "அவரு பாத்தாருடி. அருவாள எடுத்துக்கிட்டு வந்ததுலேர்ந்து பாத்தாரு. வந்து குளிச்சாரு. ரெண்டு நாளு சோறு எறங்கல."

நான் நேரே போய்க் கேட்டேன். மறைக்கவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம். "ரெண்டு வீட்டுக்கும் நான் வேண்டியவன்மா. இவுங்க வீட்டுப் பத்திரிகையும் மொதல்ல எனக்குத்தான் வெப்பாங்க, அவுங்க வீட்டுப் பத்திரிகையும் மொதல்ல எனக்குத்தான். நான் பொது மனுஷன்" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "வெட்டுனவனுக்கும் செத்தவருக்கும் நடுவுல என்னா மாமா பொது?" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "நீ சொல்றதும் சரிதான்" என்றார். எனக்குத் தலையைக் கொண்டுபோய் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த மாதம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழா. விழாக் குழு கேட்டது அதே தலைப்பு. ஊரே கேட்கிறது என்றார்கள். இந்த ஊரில் இது வேண்டாம் மாமா, கல்யாணத்துக்கு முன் காதலா பின் காதலா என்று எதையாவது வைத்துக்கொள்ளலாம் என்றேன். கூட்டத்தைச் சிரிக்க வைத்து அனுப்பிவிடலாம், ஊருக்கும் மனசு லேசாகும் என்றார். அந்த வித்தையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். உள்ளூர் என்பதால் வேன் இல்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்குத் தூக்கு வேண்டும் அணி விழுந்தது. அரிதினும் அரிதான வழக்கு என்று சட்டம் சொல்கிறதே, இதைவிட அரிது என்ன என்று நான் கேட்டபோது பந்தல் அதிர்ந்தது. டீக்கடைக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். தாயின் கண்ணீரை எடுக்கும்போதுதான் முன்வரிசையைப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடை அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தியைப் பாதியிலேயே விட்டேன். எப்படியோ நன்றி வணக்கம் சொல்லி உட்கார்ந்தேன். இரண்டு வரிசை தள்ளி உரக்கடைக்காரர் குடும்பமும் இருந்தது.

மாமாவும் பார்த்திருப்பார். ஆனால் பழகின வாய் நிற்குமா? எழுந்தார், மைக்கைத் தட்டினார், தூக்கு வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். உரக்கடைக் குடும்பத்தைத் தவிர எல்லாக் கையும் மேலே போனது. சில பேர் இரண்டு கையையும் தூக்கினார்கள். சரி, விசையை இழுக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டார். கைகள் இறங்கின. சிரிப்பு வருவதற்காக மாமா காத்திருந்தார்.

ஒரு கை இறங்கவில்லை. முன்வரிசையில் அந்த அம்மா கையைத் தூக்கியபடியே எழுந்தார்.

"நான் வர்றேங்க" என்றார். மைக் இல்லாமலே பந்தல் கடைசி வரைக்கும் கேட்டது. "ஆனா எனக்கு அதுகூட வாணாம். அவன் தொங்குனா என்னா, உள்ளாறயே கெடந்தா என்னா, எங்க வீட்டுக்காரரு வரப்போறதில்ல. அன்னிக்கி கடைத்தெருவுல நீங்க எல்லாருந்தான் இருந்தீங்க. இப்பத் தூக்கினீங்களே, அதுல ஒரு கை, ஆமா பாத்தேன்னு கோர்ட்ல வந்து நின்னாப் போதும். நான் வேற ஒன்னும் கேக்கல."

சொல்லிவிட்டு நின்றார். உட்காரவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்துக்குத் திடீரென்று எவ்வளவு வேலை! ஒருவர் செருப்பைத் தேடினார். ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கவில்லை என்று பின்னால் போனார். டீக்கடைக்காரர் பந்தல் துணியின் பூ வேலைப்பாட்டை அண்ணாந்து பார்த்தார். நான் மட்டும் என்ன, என் குறிப்புக் காகிதத்தை மடித்து மடித்து சின்னதாக்கிக்கொண்டிருந்தேன்.

மாமா மைக்குக்கு முன்னால் நின்றார். வாயைத் திறந்தார். மூடினார். அவர் வாய் வார்த்தை இல்லாமல் மூடியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இப்போது எதையாவது சொல்லி, அந்த அம்மாவின் துணிச்சலையும் பாராட்டி, ஊரின் மௌனத்தையும் பாராட்டிவிடுவார் என்று பயமாக இருந்தது. மனதுக்குள் சொன்னேன், மாமா, ஒரே ஒரு முறை.

பொன்னாடையை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தார். "இன்னிக்கி தீர்ப்பு கெடையாதுங்க" என்றார். "சாட்சிக்காரன் நடுவரா உக்காரக் கூடாது. நான் பாத்தேன். மொதல்லேர்ந்து பாத்தேன். கோர்ட்டுக்கு வர்றேன்மா."

சொல்லிவிட்டு இறங்கினார். படி அந்தப் பக்கம் இருக்க, இந்தப் பக்கமாக இறங்கிவிட்டார். மைக்செட்காரர் பிடிக்காவிட்டால் அன்றைக்கே சாட்சி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும். விழாக் குழுத் தலைவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நிகழ்ச்சியைச் சிறப்பித்த அனைவருக்கும் நன்றி, அடுத்து குழந்தைகளின் நடனம் என்று அறிவித்தார். அந்தப் பிள்ளைகள் பாவம், ஒரு கைதட்டல்கூட இல்லாமல் ஆடி முடித்தன.

மறுநாளே உரக்கடைக்காரர் மாமா வீட்டுக்கு வந்து, நீங்களா இப்படி, நீங்களா இப்படி என்று அரை மணி நேரம் அழுதார். அடுத்த வாரம் மாமா வீட்டு வாசலில் நின்ற ஸ்கூட்டரின் சீட்டை யாரோ கிழித்திருந்தார்கள். மகன் ஓசூரிலிருந்து போன் போட்டுக் கத்தினான். அத்தை பயந்தாள்தான், ஆனால் தெருவில் கேட்கிறவர்களிடம் எல்லாம், "கண்ணால பாத்தத சொல்றாரு, அதுக்கு என்னா இப்போ?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். கிழிந்த சீட்டை அவளே ஊசி நூல் எடுத்துத் தைத்தாள். பட்டிமன்ற அழைப்பு ஒவ்வொன்றாக நின்றது. அவர் இப்போது பொது ஆள் இல்லையாம், ஒரு பக்கம் சாய்ந்துவிட்டாராம். ஆனால் பழக்கடைக்காரருக்கும் திடீரென்று பார்வை திரும்பியது. அவரும் சாட்சி சொல்லச் சம்மதித்தார்.

தூக்கு வேண்டும் என்று மாமா எந்த நாளும் சொல்லவில்லை. அந்த அம்மாவிடமே சொல்லிவிட்டார்: "பாத்தேன்னு சொல்லுவேன்மா. ஆனா தொங்க வுடுங்கன்னு சொல்ல மாட்டேன், அவன நான் சின்னப் புள்ளையிலேர்ந்து பாத்தவன்." அந்த அம்மா, அது உங்க இஷ்டங்க, வந்தாப் போதும் என்றார். கடைசியில் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இதெல்லாம் ஒரு தண்டனையா, தூக்கில் போட்டிருக்க வேண்டாமா என்று டீக்கடைக்காரர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். மாமாவும் அத்தையும் பிறகு மகனோடு ஓசூருக்குப் போய்விட்டார்கள். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் லிப்ட் தகராறில் இவரைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிடுகிறார்களாம், போக மாட்டேன் என்கிறாராம்.

சாட்சி சொன்ன அன்றைக்கு நான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுக் கடலூர் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். மாமா வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கூண்டில் ஏறியதும் பழக்க தோஷத்தில், "மாண்புமிகு நீதிபதி அவர்களே, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவர்களே, வருகை தந்திருக்கும்..." என்று தொடங்கிவிட்டார். பேச்செல்லாம் வேண்டாம், கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும் என்றார் நீதிபதி. பார்த்ததை வரிசையாகச் சொன்னார். கடைசியில், அவனைத் தூக்கில் மட்டும் போட்டுவிடாதீர்கள் ஐயா என்று சேர்த்தார். "தீர்ப்ப நான் பாத்துக்குறேன், நீங்க சாட்சிய மட்டும் சொல்லுங்க" என்றார் நீதிபதி. நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். நல்ல சாமர்த்தியசாலி. உரக்கடைக் குடும்பத்தோடு எத்தனை வருடப் பழக்கம், அவர்கள் வீட்டில் எத்தனை விசேஷத்தில் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார் மாமா. அந்தக் குடும்பம் முழுக்க எதிரில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை அம்மா. வக்கீல் கையிலிருந்த காகிதத்தை உயர்த்திக் காட்டினார்.

"போலீஸ்ல எதையும் பாக்கலன்னு சொல்லியிருக்கீங்க. இங்க வந்து எல்லாத்தையும் பாத்தேன்னு சொல்றீங்க. அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

மாமா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். யோசிக்கவே இல்லை.

"அன்னிக்கி சொன்னதுதாங்க பொய்" என்றார். "பயந்துகிட்டு சொன்னேன்."